கருவியின் வாயைப் பார்: ஓ.டி.க்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

பக்கத்து வரிசை வீட்டுப் பெண் போன மாதம் ஒரு சாயங்காலம் வந்து, கைப்பேசியை எங்கள் அடுப்படி மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவளை இப்போது ஓ.டி.க்கு, அதாவது அறுவை அரங்குக்கு, மாற்றிவிட்டார்கள். கைப்பேசி முழுக்க அறுவைக் கருவிகளின் படம், எழுபது எண்பது இருக்கும்.

"அக்கா, எல்லாமே கத்தரிக்கோல் மாதிரியே இருக்கு. கெல்லி எது, கிரைல் எது, ஒன்னும் புரியல. திங்கக்கிழமை சிஸ்டர் கேப்பாங்க."

"அதை மூடி வை பாப்பா. தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஓ.டி.யில் நின்று இருபது வருஷம் தாண்டிவிட்டது, ஊருக்கு மட்டும் நான் இன்னும் 'மிஸ்ஸி'தான், நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று ராத்திரி பத்து மணி வரை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் நாலு பேர் படத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பார்கள்.

படத்தைப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர் ஆளுக்கு ஆள் மாறும். கிட்டத்தட்ட ஒரே கருவியை ஒரு சர்ஜன் ஸ்பென்சர் வெல்ஸ் என்பார், இன்னொருவர் கிரைல் என்பார், மூன்றாமவர் கையை மட்டும் நீட்டுவார், ஒன்றும் சொல்லவே மாட்டார். பெயருக்குப் பதிலாகக் கருவியின் வாயைப் பாருங்கள். எங்கள் அப்பா பால் வெட்டியவர். உளியின் முனை ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டேன். பட்டையைத்தான் சீவணும், உள்ளே மரத்தைத் தொடக் கூடாது, அதுக்குத்தான் என்றார். கருவி விஷயம் முழுக்க அவ்வளவுதான்: செய்ய வேண்டிய வேலையும் செய்யக் கூடாத வேலையும் வாயிலேயே எழுதியிருக்கும்.

வளையம் வைத்த எந்தக் கருவியை எடுத்தாலும் கீழிருந்து மேலே பாருங்கள். விரல் வளையம், அதற்கு மேல் ராட்செட் என்கிற பற்பூட்டு, தண்டு, இரண்டு பாதியும் சேரும் மூட்டு, அப்புறம் வாய். ராட்செட் இருந்தால் அது பிடித்துக்கொண்டு நிற்கிற கருவி, இல்லை என்றால் பெரும்பாலும் கத்தரி. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் படம் பிரிந்துவிடும். மீதிக்கு வாய்: பல் இருக்கிறதா, வழவழப்பா, குறுக்குக் கோடா, நடுவில் ஓட்டையா, நேரா, வளைவா.

பல் என்றால் என்ன என்று காட்ட, மேசையில் இருந்த பிசாங் மாஸ் பழம் ஒன்றை எடுத்துப் பாத்திர இடுக்கியால் கவ்வச் சொன்னேன். இடுக்கி வழுக்கவில்லை, ஆனால் தோலில் வரிசையாகக் காயம். அப்புறம் புருவம் பிடுங்கும் சின்ன இடுக்கியால் மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்சம் வழுக்கியது, பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாவது டூத், இரண்டாவது நான்-டூத். தோல், தசைமேல் உறை மாதிரி கெட்டியான இடத்துக்குப் பல். குடல், ரத்தக்குழாய் மாதிரி மெல்லிய இடத்துக்கு வழவழப்பு. இதை மாற்றிக் கொடுத்தால்தான் திட்டு விழும், பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு யாரும் திட்டமாட்டார்கள்.

கருவிகளை வரிசையாக ஒப்பிக்கிறதைவிட ஒரு அறுவையின் பின்னாலேயே நடந்துபோவது சுலபம். வயிற்றைத் திறந்து செய்கிற அப்பெண்டிக்ஸை, அதாவது குடல்வாலை வெட்டி எடுப்பதை, எடுத்துக்கொள்வோம். இப்போது பெரும்பாலும் துளை வழியாகத்தான் செய்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அடிப்படைக் கருவி எல்லாம் முறையாக ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அறுவை இதைவிட நல்லதாக வேறு இல்லை.

படி 1: கையுறை, டிராலி, முதல் கவுன்ட்

கை கழுவி, கவுன் போட்டு, கையுறை மாட்டி டிராலிக்கு வருகிறீர்கள். இந்தக் கையுறைக்கு ஒரு கதை உண்டு. 1889 குளிர்காலத்தில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கரோலின் ஹாம்ப்டன் என்ற ஓ.டி. நர்ஸுக்குக் கிருமிநாசினி பட்டுக் கை முழுக்கப் புண். அவருடைய சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி அவருக்கென்று மெல்லிய கையுறை செய்ய வைத்தார், அடுத்த வருஷம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அப்போது மலாயாவில் ரப்பர்த் தோட்டமே கிடையாது. 1877ல் கோலகங்சாரில் ஊன்றிய ஒன்பது கன்றுகள் வளர்ந்து நின்றதோடு சரி, வியாபாரத்துக்கு நடவு 1896ல் மலாக்காவில்தான் தொடங்கியது. ஒரு நர்ஸின் கைப்புண்ணுக்காக வந்த சாமானை இன்று உலகத்துக்கே அதிகம் செய்து அனுப்புவது நம் நாடு.

டிராலியில் பயன்படும் வரிசையில் அடுக்குங்கள். கூரானவை ஒரு பக்கம், கைக்கு அருகில் கத்தி கத்தரி, நடுவில் ஆர்ட்டரிகள் (ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிகள்) வளைவு ஒரே பக்கம் பார்க்கும்படி, பின்னால் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை இழுத்துப் பிடிப்பது). உடனே சர்க்குலேட்டிங் நர்ஸோடு (டிராலியைத் தொடாமல் வெளியே நின்று உதவுகிறவர்) சேர்ந்து எண்ணுங்கள். காஸ், ஊசி, பிளேட், கருவி எல்லாவற்றையும் இரண்டு பேரும் கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ண வேண்டும். பொட்டலத்தில் ஐந்து என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், பிரித்து எண்ணுங்கள்.

படி 2: சுத்தம் செய்து போர்த்துவது

ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், வாய் முட்டை வடிவ வளையமாக இருப்பது ரேம்ப்ளி, ஸ்பாஞ்ச் ஹோல்டர். மடித்த காஸைக் கவ்வி, போவிடோன் அயோடினில் நனைத்து, வெட்டப்போகிற இடத்திலிருந்து வெளியே வெளியே தடவ இது. வெளியே போன காஸ் திரும்ப நடுவுக்கு வரக் கூடாது. முடிந்ததும் அது டிராலிக்குத் திரும்பாது, ஆனால் கவுன்டில் இருக்கும். அப்புறம் துணி போர்த்தி டவல் கிளிப். நண்டுக்கொடுக்கு மாதிரி கூர் வாய், துணியைக் குத்திப் பிடிக்கும். குத்திய கிளிப்பை நடுவில் கழற்றினால் அதன் முனை சுத்தமில்லை என்று ஒதுக்கிவிடுங்கள். ஒட்டுகிற போர்வை வந்த பிறகு இதன் வேலை குறைந்துவிட்டது.

ஸ்பிரிட் கலந்த மருந்து தடவியிருந்தால் முழுதாகக் காயும்வரை டயத்தர்மியை (மின்சாரத்தால் வெட்டி, ரத்தத்தை உறைய வைக்கும் கருவி) தொடவிடாதீர்கள். அந்த ஈரத்தில் ஒரு பொறி போதும், நோயாளி மேல் தீ பிடிக்கும்.

படி 3: கத்தி

கைப்பிடி வேறு, பிளேட் வேறு. 1915ல் மார்கன் பார்க்கர் என்ற அமெரிக்கர் இப்படிக் கழற்றி மாட்டுகிற பிளேடுக்குக் காப்புரிமை வாங்கினார், 'பி.பி. ஹேண்டில்' என்று சொல்கிறோமே, அதில் இரண்டாவது பி இவர்தான். 3ம் நம்பர் கைப்பிடிக்கு 10, 11, 12, 15 பிளேடுகள். 4ம் நம்பருக்கு 20க்கு மேலே வரும் பெரிய பிளேடுகள். 3ம் நம்பரில் 22ஐ மாட்டப் பார்த்து மல்லுக்கட்டாத புது நர்ஸை நான் பார்த்ததில்லை, நானும் மல்லுக்கட்டியவள்தான்.

வயிறு உருண்டு வளைந்திருப்பது 10, தோல் வெட்ட. முக்கோணமாகக் குத்தும் முனை 11, சீழ்க்கட்டி திறக்கவும் துளை போடவும். 10இன் குட்டித் தம்பி 15, முகம், விரல் மாதிரிச் சின்ன இடத்துக்கு. கொக்கி மாதிரி 12, அபூர்வமாகத்தான் கேட்பார்கள்.

பிளேடை விரலால் மாட்டாதீர்கள், ஒரு தடவைகூட. பிளேடின் முதுகுப் பக்கத்தை ஒரு ஆர்ட்டரியாலோ, ஊசி பிடிக்கும் நீடில் ஹோல்டராலோ கவ்வி, கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, கைப்பிடியின் காடியில் வைத்துத் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். கழற்றும்போதும் அப்படியே, முனை கீழே பார்த்து. சர்ஜனிடம் கிட்னி டிஷ் என்கிற வளைந்த தட்டில் வைத்து நீட்டுங்கள், அவர் எடுப்பார், திரும்ப அதிலேயே வைப்பார். கையிலிருந்து கைக்குக் கத்தி போகிற பழக்கம் இருக்கிற இடத்தில் என்றைக்காவது ஒரு நாள் யாருக்காவது வெட்டு விழும்.

படி 4: ரத்தம்

தோலை வெட்டியதும் சின்னச் சின்னதாக ரத்தம் கசியும். பெரும்பாலும் டயத்தர்மி பென்சில் பார்த்துக்கொள்ளும், மஞ்சள் பொத்தான் வெட்ட, நீலம் உறைய வைக்க. பென்சிலை நோயாளி மேல் சும்மா போடாதீர்கள், உறையில் செருகுங்கள். யாராவது பெடலை மிதித்துவிட்டால் துணிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பென்சிலுக்கு அடங்காத குழாயைப் பிடிக்க ஆர்ட்டரி. என் பக்கத்து வீட்டுப் பெண் சிக்கியது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் பார்ப்போம். கெல்லியையும் கிரைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரம் உருவம் ஒன்றே. வாயைத் திறங்கள். குறுக்குக் கோடு நுனியிலிருந்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டால் கெல்லி, மூட்டு வரைக்கும் ஓடினால் கிரைல். அவ்வளவுதான் வித்தியாசம். அதே கிரைலைச் சின்னதாக, மெல்லிசாக, ஐந்து அங்குலத்துக்குச் சுருக்கினால் மொஸ்கிட்டோ. இதற்கு ஹால்ஸ்டட் என்றும் பெயர், மேலே கையுறைக் கதையில் வந்த அதே மனிதர். நுனியில் ஒரு பக்கம் ஒரு பல்லும் எதிர்ப்பக்கம் அது உட்காரும் பள்ளமுமாக இருந்தால் கோக்கர். தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909ல் நோபல் வாங்கிய சுவிட்சர்லாந்து சர்ஜனின் பெயர். கெட்டியான உறையை வழுக்காமல் இழுக்க கோக்கர் நல்லது, குடல் பக்கம் அதைக் காட்டவே கூடாது. வாய் தொண்ணூறு டிகிரி திரும்பியிருந்தால் ரைட் ஆங்கிள், குழாயின் முதுகுப்பக்கம் போய் நூலை வாங்கி வருவதற்கு.

ஆர்ட்டரியைக் கொடுக்கும்போது ராட்செட்டை ஒரு பல் மட்டும் பூட்டி, வளையம் அவர் உள்ளங்கையில் 'பட்' என்று படும்படி வையுங்கள். வளைவு அவர் கை வளைகிற பக்கமே இருக்கட்டும். மெதுவாகப் பூப்போல வைத்தால் அவர் கண்ணைத் திருப்பிப் பார்க்க வேண்டிவரும். பார்க்காமலே வேலை நடக்கத்தானே நாம் நிற்கிறோம்.

படி 5: இழுத்துப் பிடிப்பது, பிளப்பது, திறப்பது

கொழுப்பு தாண்டியதும் லாங்கன்பெக் இரண்டு கேட்பார்கள். தண்டின் முனையில் எல் வடிவத்தில் வளைந்த மழுங்கிய தகடு. ஒன்றை அல்ல, எப்போதும் ஜோடியாக எடுத்து வையுங்கள். தசையை இங்கே வெட்டமாட்டார்கள், நார் போகிற திசையில் மூடிய ஆர்ட்டரியை நுழைத்துத் திறந்து பிரிப்பார்கள், பிரித்த இடத்தில் லாங்கன்பெக் இறங்கும். ஆழமான வயிற்றுக்கு டீவர் என்று பெரிய கேள்விக்குறி போல ஒன்று, ஆள் பிடிக்காமல் தானே நிற்கிறது என்றால் பால்ஃபர். ரிட்ராக்டர் வகையெல்லாம் எழுதினால் விடிந்துவிடும், விடுங்கள்.

அடுத்து பெரிட்டோனியம், குடலுக்கு முன்னால் இருக்கிற கடைசிச் சவ்வு. இரண்டு ஆர்ட்டரியால் கூடாரம் மாதிரி தூக்கி, குடல் மாட்டவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கீறல், பிறகு மெட்சன்பாம். கத்தரியில் இரண்டைப் பிரித்துத் தெரிந்தால் போதும். வாய் குட்டையாக, தண்டு நீளமாக, மெல்லிசாக இருப்பது மெட்சன்பாம், மெல்லிய திசுவுக்கு மட்டும். தடித்து, வாயும் தண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பது மேயோ. நேர் மேயோ நூல் வெட்ட, வளைந்த மேயோ கெட்டித் திசு வெட்ட. நான் சேர்ந்த முதல் வருஷம் நூல் வெட்ட அவசரத்தில் மெட்சன்பாமைக் கொடுத்துவிட்டேன். சர்ஜன் வெட்டவில்லை. கத்தரியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்ன, முருங்கைக்காய் நறுக்குவதா?" என்று மலாயில் கேட்டார். சரியாகத்தான் கேட்டார். நூலை வெட்டினால் அதன் கூர் மழுங்கும், அடுத்த நோயாளிக்குத் திசு கிழியும்.

படி 6: அப்பெண்டிக்ஸ்

இப்போது கேட்பது பாப்காக். வாயில் ஓட்டை, ஓரம் உருண்டை, பல் கிடையாது. குடல்வாலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும், நசுக்காது. இதற்கு இரட்டைப்பிறவி மாதிரி இருக்கும் ஆலிஸ், ஆனால் வாயைத் திறந்தால் சின்னச் சின்னப் பல் வரிசை தெரியும். வெட்டி எடுத்து வெளியே போடப்போகிற திசுவுக்கு ஆலிஸ், உள்ளேயே வாழப்போகிற திசுவுக்கு பாப்காக் என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்காவாசி நேரம் தப்பாது.

குடல்வாலுக்கு ரத்தம் கொண்டுவருகிற மடிப்பை ஆர்ட்டரி போட்டு, வெட்டி, விக்ரில் நூலால் கட்டுவார்கள். அடிப்பகுதியை ஒரு ஆர்ட்டரியால் நசுக்கி, அதைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, நசுங்கிய காடியில் முடிச்சுப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் வெட்டு. இந்த இடத்தில் ஒரு கிட்னி டிஷ்ஷைத் தயாராக நீட்டிக்கொண்டு நில்லுங்கள். வெட்டிய கத்தி, பிடித்த ஆர்ட்டரி, பாப்காக், குடல்வால் எல்லாம் அதற்குள் போகும், குடலின் உட்பக்கத்தைத் தொட்டதால் அவை திரும்ப டிராலிக்கு வராது. சீழ் இருந்தால் சக்ஷன். பொதுவாக யாங்கௌர், முனை தடித்து வளைந்த குழாய். வயிற்றுக்குள் நிறையத் தண்ணீர் கிடந்தால் பூல், உடம்பு முழுக்கத் துளை இருப்பதால் குடலை உறிஞ்சி இழுக்காது.

படி 7: மூடுவதற்கு முன்னால்

இரண்டாவது கவுன்ட். பெரிட்டோனியத்தை மூட நூல் கேட்ட உடனே எண்ணுங்கள், மூடியபிறகு அல்ல. தோல் தைக்கும்போது மறுபடியும். உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் நோயாளி வெளியே போகுமுன் கவுன்ட் சரியா என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறது.

ஒரு ராத்திரி கேஸில் எனக்கு ஒரு காஸ் குறைந்தது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். "நீதான் தப்பா எண்ணிருப்பே" என்றார் சர்ஜன், எனக்கும் அப்போது வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். "குறையுது டாக்டர்" என்று திரும்பச் சொன்னேன், குரல் நடுங்கியது. வயிற்றுக்குள் தேடினார்கள், வாளியைக் கொட்டினோம், துணி மடிப்பை உதறினோம், எக்ஸ்ரே வண்டியைக் கூப்பிட்டாகிவிட்டது. காஸுக்குள் ஓடுகிற நீலக்கோடு எக்ஸ்ரேயில் தெரிவதற்காகத்தான் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும்போது மயக்க மருந்துப் பக்கத்துத் தம்பி, "மிஸ்ஸி, உங்க பூட்ஸ்" என்றான். ரத்தத்தில் ஒட்டி என் காலுக்கு அடியிலேயே கிடந்தது. சிரிக்காமல் எண்ணினோம், சரியாக இருந்தது, மூடினார்கள்.

தைக்க நீடில் ஹோல்டர். வாய் குட்டை, உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு, நீளத் தண்டு. ஆர்ட்டரியோடு குழம்புகிறவர்கள் வாயின் நீளத்தைப் பாருங்கள். ஊசியை வாயின் நுனியில், ஊசிமுனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, செங்குத்தாகப் பூட்டுங்கள். நூல் ஒட்டியிருக்கிற அடிப்பாகத்தில் பிடித்தால் வளையும், உடையும். ஊசி உருண்டை உடம்பாக இருந்தால் குடலுக்கும் சவ்வுக்கும், வெட்டும் ஓரம் இருந்தால் தோலுக்கு. நூல் நம்பரில் பூஜ்யம் கூடக் கூட நூல் மெல்லிசு, 3/0 என்பது 2/0வைவிட மெல்லிசு. தோலுக்கு ஆட்சன் டூத் கொடுங்கள். பல் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், வழவழப்பு இடுக்கியால் தோலை நழுவாமல் பிடிக்க அழுத்தி நசுக்க வேண்டிவரும், இரண்டு சின்னப் பல் லேசாகப் பிடித்தாலே போதும்.

மற்ற அறுவைகளுக்கு

அப்பெண்டிக்ஸ் கைக்கு வந்தால் மீதி எல்லாம் அதன் மேல் ஒட்டவைக்கிறதுதான். சிசேரியனில் மூத்திரப்பையைக் காக்க டாயன் ரிட்ராக்டரும், கருப்பையின் வெட்டு ஓரத்தைப் பிடிக்க கிரீன் ஆர்மிட்டேஜும் சேரும், வேகம்தான் வேறு. எலும்புக்குத் தச்சுப்பட்டறை நினைவுக்கு வரும்: உளி, சுத்தி, கம்பி ரம்பமான ஜிக்லி, எலும்பைக் கொறிக்கும் ராஞ்சர். துளை வழி அறுவையில் வயிற்றைக் கரியமில வாயுவால் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதி, டிரோகார் என்கிற குழாய் வழியே கருவி போகும். தண்டுதான் முழ நீளம், வாயைப் பார்த்தால் பழைய ஆட்கள்தான்: வளைந்த வாய் உள்ள 'மேரிலேண்ட்', ஆர்ட்டரியின் வேலையைச் செய்கிறது, அங்கேயும் மெட்சன்பாம் உண்டு, பாப்காக் உண்டு.

கடைசிப் படி: கழுவுவது

இதைக் கீழான வேலை என்று நினைக்கிற புதுப் பிள்ளைகள் உண்டு. ரத்தம் காய்ந்த மூட்டுக்குள் எந்த ஆட்டோகிளேவின் (நீராவியால் கிருமி நீக்கும் எந்திரம்) ஆவியும் நுழையாது. அறுவை நடக்கும்போதே ஈரத்துணியால் துடையுங்கள், ஸ்டெரைல் தண்ணீரில், சலைனில் அல்ல. உப்புத்தண்ணி ஸ்டீலை அரித்துப் புள்ளி விழ வைக்கும். கழுவியபிறகு எல்லா ராட்செட்டையும் திறந்து அடுக்குங்கள், பூட்டியிருந்தால் நீராவி வாய்க்குள் போகாது. 134 டிகிரியில் மூன்று நிமிஷம் என்பதெல்லாம் ஆவி தொடுகிற இடத்துக்கு மட்டும்தான் கணக்கு.

பெட்டியில் போடுமுன் ஒவ்வொன்றையும் பரிசோதியுங்கள். ஆர்ட்டரியை முதல் பல்லில் பூட்டி வளையப் பக்கத்தை உள்ளங்கையில் தட்டுங்கள், தானே திறந்தால் அது கெட்டது. வாயை மூடி விளக்குக்கு நேரே பிடியுங்கள், நுனியில் வெளிச்சம் தெரியக் கூடாது. மேயோ நுனியால் நாலு மடிப்புக் காஸை வெட்டிப் பாருங்கள், இழுக்காமல் வெட்ட வேண்டும். தேறாததைப் பழுது என்று எழுதி ஒட்டித் தனியாக எடுத்து வையுங்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டால், அடுத்த ராத்திரி ட்யூட்டியில் அது உங்கள் கைக்கேதான் வந்து சேரும்.